'லைன்' என்னும் ஒரு சொல்

அன்பர் ஒருவர், வயதில் இளையவர், ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே கற்றவர், சில நாட்களுக்கு முன் ஒரு கையெழுத்துப் பிரதியை என்னிடம் கொணர்ந்து கொடுத்தார். மலாயாவில் ரப்பர்த் தோட்டத்துத் துரையாக இருந்து, ஓய்வு பெற்றுத் தம் நாடு திரும்பிய வெள்ளையர் ஒருவர் எழுதிய நினைவுக் குறிப்புக்களின் தமிழாக்கம் அது. "குறையிருந்தால் ஒளிக்காமல் சொல்லவேண்டும், ஐயா" என்று கேட்டுக்கொண்டார். ஒளிக்காமற் சொல்வதென்றால் பத்திரிகையிலேயே சொல்லிவிடலாம் என்று, அவர் இசைவுடன் இதனை எழுதுகிறேன். இதே குறை நம்மில் மொழிபெயர்க்கும் பலரிடத்தும் உண்டு, என்னையும் சேர்த்து.

அன்பரின் தமிழ் நல்ல தமிழ். வாக்கியங்கள் ஓடுகின்றன. பிழை ஒன்றே ஒன்றுதான். ஆனால் அவ்வொன்று முதல் அத்தியாயம் தொடங்கிக் கடைசி அத்தியாயம் வரையில் கறையான்போல் ஊர்ந்து கிடக்கின்றது. 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்ட இடமெல்லாம் அவர் 'கோடு' என்று எழுதுகிறார். கோடு பொருந்தாதென்று தமக்கே தோன்றும் இடத்தில் 'வரிசை' என்கிறார். வேறு சொல் அவர் கைக்கு எட்டவில்லை. இதன் பயனாக, வழிவழியாகப் பாதிரித் தொழில் செய்த குடியிற் பிறந்த துரை, தமிழில் 'பாதிரிமாரின் நீண்ட வரிசையிலிருந்து' வருகிறார், பாதிரிமாரெல்லாம் ரயில் டிக்கட்டு வாங்க நிற்பதுபோல. துரை தம் சகோதரிக்கு ஒரு கடிதம் போட்டதாக எழுதியிருக்க, தமிழில் அவளுக்கு 'ஒரு கோடு' போடுகிறார்! கப்பல் கம்பெனி 'கப்பல் வரிசை' ஆகிவிட்டது.

இவற்றையெல்லாம் சிரித்துவிட்டு விடலாம். சிரிக்கவொண்ணாத இடம் ஒன்று மூன்றாம் அத்தியாயத்தில் வருகின்றது. மலேரியாவுக்கு மனைவியைப் பறிகொடுத்த கிராணி ஒருவர் மறுநாள் காலை ஆபீசுக்கு வருகிறார். துரை அவரைப் பார்த்து இரண்டே சொற்கள் சொல்கிறார்: 'ஹார்ட் லைன்ஸ்'. அன்பர் இதனைக் 'கடினமான லயங்கள்' என்று பெயர்த்திருக்கிறார்!

'ஹார்ட் லைன்ஸ்' என்பது ஆங்கிலேயர் பேச்சில் ஒருவர்க்கு நேர்ந்த கேட்டைக் குறித்துச் சொல்லும் அனுதாப மொழி. 'அடடா, போதாத காலம்' என்பதை ஒக்கும். ஆனால் எத்தகைய அனுதாபம்? கிரிக்கெட் ஆட்டத்தில் ஓட்டமெடுக்காமல் வெளியேறியவனுக்கும் அவர்கள் இதையேதான் சொல்வார்கள். பெண்டாட்டியை இழந்து நிற்கும் மனிதனுக்கு ஆட்டத்தில் தோற்றவனுக்குரிய ஆறுதல்! அந்தத் துரை கல்நெஞ்சரா, அல்லது துக்கத்தின் முன் வாயடைத்துப்போய்ப் பழகிய சொல்லைப் பற்றிக்கொண்டவரா என்பதை வாசகர் ஊகிக்கவேண்டிய இடம் அது. அத்தியாயத்தின் உயிர்நிலையே அதில் இருக்கிறது. தமிழில் அவ்வுயிர் போய், கிராணி லயத்து வீட்டின் வசதிக் குறைவைப்பற்றி முறையிட்டதுபோல் ஆகிவிட்டது. இன்னும் ஒன்று கூறுவேன். இச்சொற்றொடரில் பன்மையை நீக்கி 'ஹார்ட் லைன்' என்று ஒருமையாக்கிவிட்டால் பொருள் வேறாய்விடும். அது விட்டுக்கொடாத வன்பிடி. தொழிற்சங்கத்துடன் பேச மறுக்கும் முதலாளியின் போக்குக்கு அப்பெயர். ஈற்றில் ஒரு சீறல் ஒலி இருப்பதும் இல்லாமையும் அனுதாபத்துக்கும் பிடிவாதத்துக்கும் உள்ள தூரம்.

இந்நோய்க்கு மூலம் ஆங்கில அறிவின் குறைவன்று. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று பள்ளிக்கூடத்தில் சிலேட்டில் எழுதிப் படித்த பழக்கமே மூலம். கடினமான சொற்களை நாம் அகராதியிற் பார்க்கிறோம். எளிய சொற்களைத் தெரிந்ததாக எண்ணித் தாண்டிவிடுகிறோம். உண்மை நேர்மாறானது. நீண்ட சொற்களுக்கு அகராதியில் இரண்டு வரி போதும். டாக்டர் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் 'டேக்' என்ற சிறு சொல்லுக்கு மட்டும் 134 பொருள் காட்டினார். 1884இல் வெளிவரத் தொடங்கி 1928இல் நிறைவெய்திய ஆக்ஸ்போர்டுப் பேரகராதியிலும் 'செட்', 'ரன்', 'கோ' முதலிய குறுஞ்சொற்களே பத்தி பத்தியாக இடத்தை அடைத்துக்கொண்டன. 'லைன்' அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது.

இதன் வேரைப் பார்ப்போம். லத்தீன் மொழியில் 'லீனும்' என்பது ஆளிச்செடி. அதன் நாரில் திரித்த இழை 'லீனியா'. ஆகவே 'லைன்' என்பது முதலில் கோடன்று, வரிசையன்று, நூல். சட்டைக்கு உட்புறம் துணி வைத்துத் தைப்பதை இன்றும் 'லைனிங்' என்பதும், ஆளிநார்த் துணியை 'லினன்' என்பதும் அவ்வேரிலிருந்து வந்தவை. 'பையை லைன் செய்துகொண்டான்' என்று ஆங்கிலத்தில் வந்தால், பைக்குக் கோடு போட்டான் என்று எழுதவேண்டா. பணத்தைச் சுருட்டினான் என்று எழுதுக.

தமிழிலும் 'நூல்' அவ்வாறு விரிந்ததன்றோ? நன்னூல் ஆசிரியர், பஞ்சினின்று நூல் நூற்பதுபோலச் சொல்லினின்று நூல் பிறப்பதாக ஓர் உவமை கூறுகிறார். அதனோடு அமையாது, தச்சன் பிடிக்கும் நூல் மரத்தின் கோணலைக் காட்டித் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலைத் தீர்ப்பதும் நூல் என்று மற்றோர் உவமையும் கூறுகிறார். இழை, அளவுக் கருவி, புத்தகம் என மூன்றும் ஒரு சொல்லில் அடங்கிவிட்டன. 'நூல் பிடித்தாற்போல் நட்டிருக்கிறது' என்று நம் கிழவர்கள் இளமரக் காட்டைக் காட்டிச் சொல்லும்போது, லத்தீன்காரன் நினைத்ததையே நினைக்கிறார்கள்.

இழுத்துக் கட்டிய நூல் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் 'லைன்' என்பதன் பொருள்கள் அனைத்தும் ஒவ்வொன்றாக அதில் கோத்துக்கொண்டு வரும். தூண்டிற் கயிறு, துணி காயப்போடும் கொடி, தபால் தந்திக் கம்பி என்பவை நூலின் உருவமே. நூல் பதிந்த தடம் கோடு. நூல் வழியே செல்வது பாதை. ஆகவே ரயிலுக்கும் கப்பலுக்கும் இச்சொல் வந்தது. அறாமல் வருவது குலம், ஆகவே பரம்பரை. சொற்களைக் கோத்தது வரி. ஆகவே கவிதையின் அடியும், நாடகக்காரன் பாடமும், சேட்டை செய்த மாணவனுக்கு 'நூறு லைன் எழுது' என்று வாத்தியார் இடும் தண்டனையும். பிழைப்புக்கு ஒருவன் பிடித்துக்கொண்டு போகும் இழை தொழில். 'ஜவுளி லைனில் இருக்கிறார்' என்று பட்டணத்து வியாபாரிகள் பேசுவது இதுவே. மாலுமிகள் அடைமொழியின்றி 'தி லைன்' என்றால் பூமத்தியரேகை; சிங்கப்பூரிலிருந்து தெற்கே சுமார் 140 கிலோமீட்டர் சென்றால் அதனைத் தாண்டலாம். இளைஞர்கள் பெண்பிள்ளைகளைச் சுற்றித் திரிவதை 'லைன்' என்பதை ஈண்டு விட்டுவிடுகிறேன். அஃது ஆங்கிலேயன் அறியாத நம் சொந்தச் சரக்கு.

ரயிலைப்பற்றி ஒரு வார்த்தை. இந்நாட்டின் முதல் இருப்புப் பாதை 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அது முதல் 'லைன்' என்றால் தண்டவாளம் என்பது நம்மவர்க்கும் பழக்கமாயிற்று. ஆனால் அன்பரின் பிரதியில் ஜப்பானியர் காலத்தைக் கூறும் அத்தியாயத்தில், துரையின் தோட்டத்திலிருந்து அறுபது பேர் 'கோட்டுக்கு மேலே சென்றார்கள்' என்று ஒரு வாக்கியம் கிடக்கின்றது. 'அப் த லைன்' என்பது மூலம். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த சயாம்-பர்மா ரயில் பாதைக்கு, 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாவுப் பாதைக்கு, கொண்டுபோகப்பட்டவர்களைக் குறிக்க அக்காலத்தில் வழங்கிய தொடர் அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர் பல்லாயிரவர் அங்கே காலராவாலும் பட்டினியாலும் மாண்டனர். இதற்குத் தமிழ்ச் சொல்லைப் புதிதாகத் தேடவேண்டியதில்லை. தோட்டத்தில் எந்தக் கிழவியைக் கேட்டிருந்தாலும் 'சயாமுக்குப் பிடித்துப்போனான்' என்று சொல்லியிருப்பாள். அந்த ஒரு தொடரில் காலம், இடம், பலவந்தம் எல்லாம் இருக்கின்றன. அகராதியைப் பார்க்குமுன் அவளைக் கேட்டிருக்கவேண்டும்.

நிற்க. இதனைக் கொண்டு, ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு நூறு பொருள், தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல், ஆகவே தமிழே உயர்ந்ததென்று மேடையில் முழங்குவோர் உளர். அவர்களோடு நான் சேரமாட்டேன். தமிழ் 'வரி' என்பது என்ன? எழுத்து வரி, புலியின் உடல் வரி, அரசாங்கத்துக்குக் கட்டும் வரி, சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் உள்ள வரி ஒருவகைப் பாட்டு. 'வரிசை' என்பது ஒழுங்காக நிற்பதும் ஆகும், கலியாணத்தில் தட்டுத் தட்டாக வைப்பதும் ஆகும். 'கோடு' இன்னும் வேடிக்கை. மலைச்சிகரம், யானைத் தந்தம், மரக்கிளை எல்லாம் கோடு. 'கோடுதல்' என்றால் வளைதல்! வளைவைக் குறித்த சொல்லை வைத்துக்கொண்டு 'நேர்கோடு' என்று கணக்கு வாத்தியார் சொல்ல நாமும் ஒப்புக்கொண்டு வாழ்கிறோம். எம்மொழியும் ஏழையன்று, எம்மொழியும் ஒழுங்கன்று. ஒரு மொழியின் அகலம் மற்றொரு மொழியின் அகலத்தோடு அங்குலம் அங்குலமாகப் பொருந்தாது என்பதே செய்தி.

பொருந்தாததை அறிந்து செய்த நல்ல ஆக்கங்களும் நம்மிடையே உண்டு. பத்திரிகைக்காரர்க்கு நித்திய தலைவலியாகிய 'டெட்லைன்' என்பதை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864இல், ஆண்டர்சன்வில் சிறைக்குள் மதிலுக்கு இப்பால் ஓர் எல்லை வகுத்திருந்தார்கள். அதைத் தாண்டிய கைதியைக் காவற்காரன் சுட்டுவிடலாம். அந்த எல்லைக்கு 'டெட்லைன்' என்று பெயர். பின்னர் அச்சுக்கூடத்துக்கு வந்து நாள் வரம்பு என்றாயிற்று. இதற்குக் 'காலக்கெடு' என்று வைத்தவர் யாரோ, அவர் கைக்கு வணக்கம். அதில் கோடும் இல்லை, சாவும் இல்லை. பொருள் மட்டும் முழுதாக இருக்கின்றது. கொள்ளைநோய்க் காலத்தில், 2020இல், தாதியரையும் துப்புரவுத் தொழிலாளரையும் 'முன்களப் பணியாளர்' என்றார்கள். 'முன்வரிசைப் பணியாளர்' என்றால் கூத்துப் பார்க்க முன்னே உட்கார்ந்தவர்போல் இருந்திருக்கும். 'ஆன்லைன்' என்பதற்கு நாம் மலேசியாவில் 'இயங்கலை' என்கிறோம், தமிழ்நாட்டார் 'இணையவழி' என்கிறார்கள், இலங்கையர் 'நிகழ்நிலை' என்கிறார்கள். 'லைன்' என்பதன் பாதைப் பொருளை 'வழி' தொட்டிருப்பதால் இணையவழியே எனக்கு உகந்தது. ஆயினும் நம் பிள்ளைகள் நாவில் ஏறிவிட்டதை இறக்கும் எண்ணம் இல்லை.

இனிச் சற்றுக் கனமான பொருளுக்கு வருகிறேன். எல்லை என்ற பொருளில் 'லைன்' வரும்போது, அதைக் கிழித்தவன் யார் என்ற கேள்வி அதனோடு வருகின்றது. 'இவ்விடத்தில் கோடு கிழிக்கவேண்டும்' என்று எழுதினால் நம்மவர்க்கு உடனே இலட்சுமணன் நினைவு வந்துவிடும். வால்மீகியிலும் கம்பனிலும் அந்தக் கோட்டைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது! பின்னால் வந்தவர்கள் கிழித்த கோடு அது. பெண்ணை உள்ளே நிறுத்தக் கோடு வேண்டியிருந்தது. புராணத்தில் இல்லாவிட்டால் என்ன, சேர்த்துக்கொண்டார்கள்.

'பாவர்ட்டி லைன்' என்பதை வறுமைக் கோடு என்று நேராகவே பெயர்த்துவிட்டோம். இங்கே கோடு என்பது சரியே, ஏனெனில் அது மெய்யாகவே ஒருவர் காகிதத்தில் கிழிப்பது. மலேசியாவில் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 980 ரிங்கிட்டுக்குக் கீழிருந்தால் வறுமை என்று நெடுநாள் கணக்கிட்டு வந்தார்கள். 2016ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டில் ஏழைக் குடும்பங்கள் நூற்றுக்கு அரையும் இல்லை, 0.4 தான். 2020இல் அக்கோட்டை 2,208 ரிங்கிட்டுக்கு உயர்த்தினார்கள். 2019ஆம் ஆண்டுக்குரிய ஏழைகள் 5.6 விழுக்காடு என்று வந்தது. அரிசி விலை ஓரிரவில் ஏறவில்லை; ஒருவன் அடுப்பும் புதிதாக அணையவில்லை. கோடு நகர்ந்தது, அவ்வளவே. அதுவரை அவர்கள் ஏழைகளாக இருந்தும் ஏட்டில் ஏழைகளாக இல்லை.

இவ்வளவும் சொன்னது, தோட்டத்து 'லைன்' என்ற இடத்துக்கு வருவதற்காகவே. அப்பெயர் வீட்டுப் பெயரன்று, பாளையத்துப் பெயர். இந்தியாவில் ஆங்கிலேயப் படைகள் தங்கிய இடங்களில் சிப்பாய்களின் குடில்களை அணி அணியாக அமைத்து 'லைன்ஸ்' என்றார்கள். அவ்வழக்கம் கடல் கடந்து இங்கும் வந்தது. பினாங்கில் சிப்பாய் லைன்ஸ் என்ற பெயரில் இன்றும் சாலை இருக்கிறது. சிங்கப்பூரில் பொது மருத்துவமனை 1882இல் குடியேறிய அவுட்ரம் பகுதிக்கும் அதுவே பெயர். தோட்டம் திறந்த துரைமார் தொழிலாளிகளைக் குடியேற்ற வேண்டியபோது, மனிதரைக் கூட்டமாகத் தங்கவைக்க அவர்கள் அறிந்த ஏற்பாடு பட்டாளத்து ஏற்பாடு. ஒரே கூரை, ஒட்டி ஒட்டி அறைகள், பார்த்தால் எண்ணிவிடலாம். காலையில் ஆளெடுக்கும் இடத்துக்குப் 'பிரட்டு' என்று பெயர் வந்ததும் 'பரேட்' என்ற படைச்சொல்லிலிருந்துதான். குடும்பம் குடியிருக்கும் இடத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் எத்தனையோ சொற்கள் இருக்க, அவற்றுள் ஒன்றுகூட நமக்குக் கொடுக்கப்படவில்லை.

நம்மவர் அதனை 'லயம்' ஆக்கினார்கள். ஒலிக்குத் தமிழ் ஈறு கொடுத்தது ஒன்று. குதிரை கட்டும் 'லாயம்' மனத்தில் நிழலாடியது மற்றொன்று என்று எண்ணத் தோன்றுகிறது. வடமொழியில் லயம் என்பது ஒன்றில் ஒன்று கரைதலையும் தாளத்தின் ஒழுங்கையும் குறிக்கும். அதைக் கொண்டு இதற்கு உயர்ந்த விளக்கம் கொடுக்கும் பண்டிதர்களைக் கண்டிருக்கிறேன். பத்துப் பேர் ஓரறையில் படுத்ததைக் கரைதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

துரையை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிடலாமா? அன்பரின் பிரதியில் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் இருக்கின்றது. மூலத்தில் 'லைன்ஸ்' என்ற சொல் அதில் இருமுறை வருகின்றது, இருவேறு பொருளில். முதலது லயங்கள். இரண்டாவது 'ஆன் காஸ்ட் லைன்ஸ்' என்ற தொடர். சாதிவாரியாக என்று அதற்குப் பொருள். 'லயங்கள் சாதிவாரியாகக் கட்டப்பட்டன' என்பதே துரை எழுதியது. அன்பர், தம் வழக்கப்படி, 'சாதிக் கோடுகளின்மேல் லயங்கள் கட்டப்பட்டன' என்று எழுதிவிட்டார். இது பிழை. சிவப்பு மசியை எடுத்தேன். ஆனால் திருத்தக் கை எழவில்லை.

ஏனெனில் அது நடந்தது. பல தோட்டங்களில் ஆதித்திராவிடர்க்குத் தனி லயம் இருந்தது. துரைக்கு வேண்டியது வேலைக்கு ஆள். எவன் எந்த அறையில் படுத்தால் அவருக்கு என்ன? கேட்டவர்கள் நாம். 'இன்னாரோடு ஒரே கூரையில் இருக்கமாட்டோம்' என்று கப்பலிலிருந்து இறங்கிய ஈரம் காயுமுன் சொன்னவர்கள் நாம். கங்காணி அதற்கு ஏற்றாற்போல் ஆளைப் பிரித்தான், துரையும் தொல்லையில்லை என்று ஒப்பினார். பரம்பரை என்ற 'லைன்', எல்லை என்ற 'லைன்', குடியிருப்பு என்ற 'லைன்' மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே மரச்சுவராக எழுந்து நின்றன. பெரியார் 1929இன் இறுதியில் மலாயாவுக்கு வந்து சாதியைக் கண்டித்துப் பேசியபோது, கைதட்டிவிட்டு அந்தச் சுவருக்கு அப்பாலும் இப்பாலுமாகப் பிரிந்து படுக்கப் போனவர்களும் இருந்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பதும், துரைக்கு முன் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் இருந்தன. வெளியே துரை இட்ட எல்லையை எதிர்க்க அன்று துணிவு பிறந்தது. உள்ளே நாமே இட்டதைப்பற்றிய கோரிக்கையை யாரிடம் கொடுப்பது?

ஆதலின் அந்த வாக்கியத்தை அன்பர் அப்படியே விட்டுவிடலாம் என்பது என் தீர்ப்பு. இலக்கணம் அறிந்தோர் என்னைக் கடியலாம், கடியட்டும்.

கடைசி அத்தியாயத்தைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். பல ஆண்டு கழித்துத் துரை மீண்டும் வந்து பார்க்கிறார். ரப்பர் போய்ச் செம்பனை நிற்கின்றது. 'நாலாவது லைன்' இருந்த இடத்தில் ஒரு கொய்யாமரமும் தண்ணீர்க் குழாயும் மட்டும் இருக்கின்றன. அங்கே அன்பர் 'நான்காவது வரிசை வீடுகள்' என்று எழுதியிருக்கிறார். பட்டணத்துப் பிள்ளைகள் அதனைப் படித்தால், காரும் இரும்புக் கதவும் உள்ள இன்றைய டெரஸ் வீடுகளை நினைப்பார்கள். 'நாலாம் லயம்' என்று திருத்துக. அடிக்குறிப்பு வேண்டா. மூன்றாம் அத்தியாயத்தில் கிராணியிடம் துரை சொன்னதற்கு, 'அடடா, போதாத காலம்' என்று எழுதிப் பார்க்கவும். அதைவிட இலேசான சொல் அகப்பட்டால் இன்னும் நல்லது.